பழுது பார்த்தல்

பழைய பொருள்களிடம் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. கால் ஆடும் நாற்காலி, கண்ணாடி மங்கிய கடிகாரம், மூடி தொலைந்த பேனா, எதையும் எளிதில் வெளியே எறிய மனம் வராது. இதற்காக என் மனைவியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுகளைத் தொகுத்தால், இந்தக் கட்டுரைத் தொகுதியைவிடப் பெரிய நூல் ஒன்று உருவாகும். ஆனால் 2023-ஆம் ஆண்டில் ஒரு நாள், இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருப் பக்கம் நான் அலைந்ததற்கு அந்தப் பலவீனம் மட்டுமே காரணமில்லை. அந்தப் பெட்டிகளின் வழியாகத்தான் நான் என் தாயின் குரலைக் கேட்டு வந்தேன்.

அம்மா பாடிய தாலாட்டு ஒன்றை 1992-ஆம் ஆண்டில் ஒரு காஸெட்டில் பதிவு செய்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் வழிவழியாகப் பாடி வந்த பாட்டு அது. எந்தப் புத்தகத்திலும் நான் அதைக் கண்டதில்லை. அப்போது என்னிடம் இருந்தது மூன்று அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒரு சின்ன டேப்ரிகார்டர். 1994-ல் அம்மா காலமானாள். டேப்ரிகார்டரும் சில ஆண்டுகளில் செயலற்றுப் போயிற்று. காஸெட் அலமாரிக்குள் உறங்கியது. 2017-ல் என் மகன் அதைக் கணினியில் ஏற்றித் தந்தான். அன்று முதல், 1999-ல் நான் வாங்கி மேசைமேல் வைத்திருந்த அந்த இரண்டு ஒலிபெருக்கிகளும் அம்மாவுக்குத் தொண்டையாக ஆயின.

அவை எப்படிப்பட்டவை என்று சொல்லிவிடுகிறேன். மெல்லிய மின் அலையை வலுவாக்கிக் கொடுக்கும் கருவிக்கு ஆம்ப்ளிபயர் என்று பெயர். பல வீடுகளில் அது தனிப் பெட்டியாக இருக்கும். என்னுடையவற்றில் ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. இது புதிய ஏற்பாடு அன்று. 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள், இன்றைய ஒலிபெருக்கிக்கு மூலமான அமைப்பை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே, ஆம்ப்ளிபயரை உள்ளே வைத்த ரேடியோலா 104 என்ற ஒலிபெருக்கி விற்பனைக்கு வந்துவிட்டது. கூட்டுக் குடித்தனத்தில் உள்ள வசதியும் தொல்லையும் இதில் உண்டு. மரப்பெட்டி நெடுங்காலம் உழைக்கும். அதற்குள் சூட்டில் வேகும் ஆம்ப்ளிபயர் அவ்வளவு நாள் தாங்காது. ஒருவர் நோயில் விழுந்தால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடுகிறது.

என் பெட்டிகளில் ஒன்று சில ஆண்டுகளாகவே வண்டு முரல்வதுபோல இரைந்துகொண்டிருந்தது. மற்றொன்று ஒரு நாள் மாலை திடீரென்று ஊமையாயிற்று.

இரண்டு கடைகளில் "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார்கள். மூன்றாவதாக, ஒரு மாடிப்படியின் அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த முதியவரிடம் போய்ச் சேர்ந்தேன். எழுபதை நெருங்கும் வயது. மூக்கின் நுனியில் கண்ணாடி. ஒன்றும் பேசாமல் பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, உள்ளே இருந்த பலகையை வெளியே இழுத்தார். முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன, சார்" என்றார். "உள்ளே ஈரம் இருக்கும். சூட்டில் அது மெல்ல மெல்ல வற்றிவிடும். இதோ இதில் 85 டிகிரி என்று போட்டிருக்கிறான் பாருங்கள். அந்தச் சூட்டிலேயே வைத்தால் 2,000 மணி நேரம் உழைக்கும். பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும்."

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் பதினாறு மடங்கு, 32,000 மணி. நாளைக்கு ஐந்து மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 17½ ஆண்டு. அந்த இரைச்சல் தொடங்கிய காலத்தோடு கணக்கு அநேகமாகப் பொருந்தியது. மனித ஆயுளைத்தான் எழுதிவைக்க முடியாது. இவற்றுக்குத் தலையெழுத்தை உடம்பின் மேலேயே அச்சிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

அவர் மேலும் காட்டினார். சூடேறும் ரெசிஸ்டர்கள் பலகையைக் கருக்கியிருந்தன. பாகங்கள் ஆடாமல் இருக்கத் தடவிய பசை, வெயிலில் கிடந்த வெல்லம்போலப் பழுப்பேறி, அடியில் இருந்த கம்பிக் கால்களை அரித்திருந்தது. ஊமைப் பெட்டியின் ஐ.சி. வெந்து போயிருந்தது. அது இப்போது தயாரிப்பில் இல்லையாம். அதே பெயரை அச்சிட்டுப் போலிச் சரக்கு கிடைக்குமாம். "அதைப் போட்டால் உங்களை வாசல் வரைக்கும் அனுப்பிவைக்கும். வீடு வரைக்கும் வராது" என்றார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார்: "சார், இதைப் பழையபடி ஆக்க வேண்டுமா? சரியாக ஆக்க வேண்டுமா?"

"இரண்டும் ஒன்றுதானே?" என்றேன்.

"எப்படி ஒன்றாகும்? இதைச் செய்தவன் கெட்டிக்காரன். ஆனால் அவன் கையையும் யாரோ பிடித்திருக்கிறார்கள். நாலு காசு மிச்சம் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். சூடான ரெசிஸ்டருக்குப் பக்கத்திலேயே கண்டென்சரை வைத்திருக்கிறான். பூமிக் கம்பிகளைக் கண்ட இடத்தில் சேர்த்திருக்கிறான். வாங்கிய நாளிலேயே காதை வைத்துக் கேட்டிருந்தால் மெல்லிய இரைச்சல் இருந்திருக்கும். பழையபடி என்றால் அந்தப் பிறவிக் குறையையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும்."

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பழையபடி ஆக்குவது பணிவு. சரியாக ஆக்குவது அறிவு. இப்படிச் சொல்வது எளிது. ஆனால், ஒரு பொருளைச் செய்தவனுக்குத் தெரியாமல் அதைத் திருத்த எனக்கு என்ன உரிமை? பணம் கொடுத்து வாங்கினேன் என்பதா? பணம் பொருளின் மேல் உரிமை தரும். பொருளைச் செய்தவனின் எண்ணத்தின் மேலுமா உரிமை தரும்? சில கோயில்களில் திருப்பணி செய்கிறேன் என்று வந்தவர்கள், சுவர்களைத் தூய்மைப்படுத்த மணலைப் பீய்ச்சி அடித்து, கல்வெட்டு எழுத்துகளையே தேய்த்துவிட்டார்கள். அவர்களும் சரியாக ஆக்கத்தான் நினைத்தார்கள்.

அந்த இரண்டு நாளும் எனக்கு உ. வே. சாமிநாதையரின் நினைவு வந்துகொண்டே இருந்தது. சிதைந்த ஓலைகளை வைத்துக்கொண்டு அவர் செய்ததும் ஒரு வகையில் பழுது பார்க்கும் தொழில்தான். ஏடு எழுதியவனின் பிழை எது, புலவனின் சொல் எது என்று பிரித்துப் பார்த்தார். பிழையைக் களைந்தார். ஆனால் இல்லாததை இட்டுக்கட்டவில்லை. 1894-ல் அவர் அச்சிட்ட புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த எண்களின் கீழ் இன்றுவரை வெறுமைதான் நிற்கிறது. அந்த இடத்தை நிரப்ப அவருக்குப் புலமை போதாமலா போயிற்று? குறையைக் குறை என்று தெரியும்படி விட்டுவைப்பதும் ஒரு நேர்மை என்று அவர் அறிந்திருந்தார்.

மறுபடியும் போனபோது முதியவரிடம் ஒரு பக்கமாகப் பதில் சொன்னேன். "செய்தவன் என்ன நினைத்தானோ, அதைக் கெடுக்காமல் சரியாக ஆக்குங்கள்."

அவர் சிரித்தார். "அதுதான் சார், எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை" என்றார்.

ஏன் கஷ்டம் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. கைக்கு அடக்கமான புதுமாதிரி ஆம்ப்ளிபயர் பலகைகள் இப்போது கடைகளில் தயாராகக் கிடைக்கின்றன. பழையதைப் பிடுங்கிவிட்டு அதைப் பொருத்தினால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். பாட்டும் வரும். ஆனால் என் பெட்டியைச் செய்தவன், சிறிய பெட்டியில் கீழ்ச்சுருதி குறைவாகவே எழும் என்று தெரிந்து, அதற்கு ஈடாக அந்தப் பகுதியை மட்டும் சற்றுத் தூக்கிக் கொடுக்கும்படி சுற்றை அமைத்திருந்தான். கடைப் பலகைக்கு இதெல்லாம் தெரியாது. அது எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை.

முதியவர் மூன்று நாள் உட்கார்ந்து, பலகையில் ஓடிய கோடுகளைத் தொடர்ந்து சென்று, சுற்று முழுவதையும் காகிதத்தில் வரைந்தார். செய்தவன் எங்கே எதற்காக எதை வைத்தான் என்று குறித்துக்கொண்டார். அதன் பிறகுதான் ஈயம் பற்றவைக்கும் கோலைத் தொட்டார். வெந்த ஐ.சி.யின் இடத்துக்கு எல்.எம்.3886 என்ற பதினொரு கால் ஐ.சி.யைக் கொண்டு வந்து, அதற்கேற்பச் சுற்றை மாற்றினார். நன்றாக இருந்த பெட்டிக்கும் அதையே செய்தார். இரண்டும் ஒரே குரலில் பேச வேண்டும் அல்லவா? 105 டிகிரி தாங்கும் கண்டென்சர்களைப் போட்டு, அவற்றைச் சூட்டிலிருந்து தள்ளி வைத்தார். பூமிக் கம்பிகளை எல்லாம் ஒரே புள்ளியில் கொண்டு வந்து சேர்த்தார்.

ஒரு சின்ன விஷயம் என்னை மிகவும் கவர்ந்தது. மேல்சுருதி பேசும் குட்டி ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலும் ஒரு கண்டென்சர் காய்ந்திருந்தது. காயவே செய்யாத பிலிம் கண்டென்சரை அங்கே வைத்தவர், அதனுடன் ஒரு சின்ன ரெசிஸ்டரையும் சேர்த்துப் பற்றவைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"பழைய கண்டென்சர் புதிதாக இருந்தபோதே அதற்குள் கொஞ்சம் தடை உண்டு, சார். அது ஒரு குறைதான். ஆனால் செய்தவன் அந்தக் குறையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பான். நான் நல்ல சரக்கைப் போட்டேன் என்று பெருமைக்காக அதை எடுத்துவிட்டால், மேல் சத்தம் தூக்கிக்கொண்டு கத்தும்."

களைய வேண்டிய குறை எது, காக்க வேண்டிய குறை எது என்று தெரிந்தவனுக்குத்தான் திருத்தும் உரிமை உண்டு என்று அன்று எனக்குத் தோன்றியது. நம் வீடுகளில் மருமகளைத் திருத்தும் மாமியாரும், மகனைத் திருத்தும் தந்தையும், மொழியைத் திருத்தும் புலவரும் இந்தச் சின்ன ரெசிஸ்டரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும், நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மின்சார வழியில் தொடராகச் சேர்த்து, பெட்டிக்கு உயிர் கொடுத்தார். உள்ளே எங்காவது தவறு இருந்தால் பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆம்ப்ளிபயர் தப்பிக்கும். பல்பு ஒரு கணம் மின்னிவிட்டு மங்கியது. அவர் முகம் மலர்ந்தது. ஒரு துண்டுத் தாளில் தேதியைப் போட்டு, எதை எடுத்தார், எதை வைத்தார் என்று வரிசையாக எழுதிப் பெட்டிக்கு உட்புறம் ஒட்டினார். "எனக்குப் பிறகு இதைத் திறக்கிறவன் முழிக்கக் கூடாது அல்லவா?" என்றார். கழற்றிய பாகங்களை ஒரு காகித உறையில் போட்டு என்னிடமே கொடுத்தார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல தொழிலாளியைப் பற்றிய பாராட்டுரையாக இருந்திருக்கும். அன்று இரவு நான் அம்மாவின் பாட்டைக் கேட்டேன்.

இரைச்சல் இல்லை. அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த அமைதியிலிருந்து அம்மாவின் குரல் எழுந்தது. முதல் வரியிலேயே எனக்கு ஏதோ மாறிவிட்டதுபோல இருந்தது. நான் அறிந்திருந்தது மெத்தென்ற, தூக்கம் கலந்த ஒரு குரல். இந்தக் குரலில் கரகரப்பு இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் அவள் மூச்சு வாங்கும் ஒலி கேட்டது. மூன்றாவது வரியின் முடிவில் இருமலை விழுங்கிக்கொண்டு அடுத்த வரியைத் தொடங்குகிறாள். பாட்டு முடிந்ததும், "போதுமாடா?" என்று கேட்கிறாள். அதற்கு முன்னால் நீண்ட பெருமூச்சு ஒன்று. பிறகு என் குரல், முப்பது ஆண்டுக்கு முந்திய என் குரல், உற்சாகமாகச் சொல்கிறது: "இன்னும் ஒரு தடவை பாடு, அம்மா."

அந்த வார்த்தைகளை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தாயிடம் மகன் கொண்ட ஆசை என்றே நினைத்துப் பூரித்திருக்கிறேன். முன்னால் வந்த பெருமூச்சு காதில் விழாத வரைக்கும் அவை அப்படித்தான் ஒலித்தன. அம்மாவுக்கு அப்போதே உடம்பு முடியாமல் இருந்திருக்கிறது. அருகில் உட்கார்ந்து பதிவு செய்த எனக்கு அது தெரியவில்லை. பெட்டியின் குமிழ்களில்தான் என் கவனமெல்லாம் இருந்திருக்கும்.

மறுநாள் அந்தக் காகித உறையை எடுத்துக்கொண்டு முதியவரிடம் போனேன். அவரிடம் முழுவதும் சொல்லவில்லை. "மறுபடியும் பழையபடியே ஆக்கிவிட முடியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆக்கலாம், சார். இரைச்சல் வரும். ஆனால் நீங்கள் முன்னால் கேட்ட குரல் வராது. இப்போது இதைக் கேட்டுவிட்டீர்களே" என்றார்.

உறையுடன் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு ஆம்ப்ளிபயரைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, ஹெரால்ட் பிளாக் என்ற இருபத்தொன்பது வயதுப் பொறியாளர், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து நியூயார்க்கில் தம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைபேசிக் குரலை வழியெல்லாம் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிபயர்கள் அதைச் சிதைப்பதை எப்படித் தடுப்பது என்பது அவரைப் பல ஆண்டுகளாக வாட்டிய கேள்வி. படகில் திடீரென்று விடை தோன்றவே, கையில் இருந்த செய்தித்தாளிலேயே வரைந்து வைத்தார். வெளியே போகும் அலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டு வந்து, உள்ளே வந்த அலையோடு எதிராகச் சேர்த்துவிடுவது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கொண்டு தவறைத் தானே திருத்திக்கொள்ளச் செய்வது. இதனால் பெருக்கும் வலிமை குறையும், உண்மை கூடும். 1937-ல்தான் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. என் பெட்டிக்குள் இருக்கும் ஐ.சி.யும் அந்த வழியில்தான் வேலை செய்கிறது.

தான் சொன்னதைத் தனக்குச் சொல்லப்பட்டதோடு ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி! மனச்சாட்சிக்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கருவிக்கு உள்ள ஒரு வசதி நமக்கு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூல அலை அதனிடம் எப்போதும் இருக்கிறது. நம்மிடம் நினைவுதான் இருக்கிறது. என் நினைவில் இருந்த அம்மாவின் குரலை எனக்குத் தந்ததே ஒரு மூன்று அங்குல ஸ்பீக்கரும், காய்ந்துபோன இரண்டு பெட்டிகளும்தானே! பழுதான கருவி தந்த குரலை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பழுது நீங்கிய குரலைப் பார்த்து "இது மாறிவிட்டது" என்று வழக்குத் தொடுத்தேன். மாறியது எது? பழுது எங்கே இருந்தது?

பாகங்கள் மாறிவிட்டால் அது பழைய பொருள்தானா என்று தத்துவம் பேசுவோர் கேட்பதுண்டு. திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் தீக்கு இரையாயிற்று. மரம் அறுத்துப் புதிதாகச் செய்த தேர் 1930-ல் ஓடியது. அதுவும் ஆழித்தேர்தான். வடம் பிடித்தவர்களுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. ஏற்ற கடமையைத் தொடர்ந்து செய்வதுதான் ஒரு பொருளின் உயிர் என்றால், என் ஒலிபெருக்கிகளும் பழையவையே. குரலை உள்ளபடி சொல்வதே அவற்றின் கடமை. இடையில் சில ஆண்டுகள் அந்தக் கடமையில் தவறியிருந்தன. அந்தத் தவறு எனக்கு இதமாக இருந்தது என்பது அவற்றின் குற்றமன்று.

பொருளைச் சீர்செய்வதைத் தமிழில் பழுது பார்த்தல் என்கிறோம். நீக்குவதையும் மாற்றுவதையும் அந்தச் சொல் பேசவே இல்லை. பார்ப்பதை மட்டும் பேசுகிறது. நோயாளியை வைத்தியர் பார்க்கிறார். குழந்தையைத் தாய் பார்த்துக்கொள்கிறாள். பழுதை நாம் பார்க்கிறோம். முதியவர் மூன்று நாள் பார்த்த பிறகுதான் கையை வைத்தார். நானோ அம்மாவை அருகில் வைத்துக்கொண்டும் பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, யாரோ ஒருவர் நேர்மையாகத் தம் தொழிலைச் செய்ததால், அவள் மூச்சு என் காதில் விழுந்தது. எதையும் சீர்செய்ய இனி வழியில்லை. பார்க்க மட்டும் முடிகிறது.

காகித உறை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒலிபெருக்கிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன. சில இரவுகளில் பாட்டைப் போட்டுக் கேட்கிறேன். அம்மா பெருமூச்சு விட்டு, "போதுமாடா?" என்று கேட்கும்போது, "போதும், அம்மா" என்று இப்போதெல்லாம் வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். அது அவளுக்குக் கேட்பதில்லை. ஒரு கணம் மௌனமாக இருந்துவிட்டு, இன்னும் ஒரு தடவை பாடுகிறாள்.